பந்திக்கு வர இயலாதவர்கள்

பசித்தவருக்குச் சோறிடும் ஏற்பாடுகளுக்குத் தமிழ்நாட்டில் எந்தக் காலத்திலும் குறைவிருந்ததில்லை. தஞ்சை மராட்டிய அரசர்கள் இராமேசுவரம் போகும் வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2002இல் கோயில் அன்னதானத் திட்டம் வந்தது. 2013இல் சென்னையில் அம்மா உணவகம். 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. எண்ணிப் பார்த்தால் பெருமைப்படத்தக்க வரிசைதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக, எங்கும் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது: உண்பவர் வரவேண்டும். இலை போட்ட இடத்துக்கு, வரிசை நிற்கும் இடத்துக்கு, மணியடிக்கும் நேரத்துக்கு அவர் தம் காலால் நடந்து வந்து சேரவேண்டும். முழங்கால் மடங்காதவருக்கும், கண்புரை முற்றியவருக்கும், படியிறங்கினால் மறுபடி ஏற முடியாதவருக்கும் இந்த அடுப்புகள் எரிவதும் ஒன்றுதான், எரியாததும் ஒன்றுதான். மணிமேகலை அமுதசுரபியைக் கையில் ஏந்திச் சிறைக்கோட்டத்துக்குள்ளேயே போனாள். வெளியே வர இயலாதவரிடம் சோறுதான் போகவேண்டும் என்பது நம் காப்பியத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம் அறச்சாலைகளின் நடைமுறைக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை.

இந்தக் கட்டுரை அப்படி வர இயலாத முதியவர்களைப் பற்றியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இந்திய சராசரியைவிட இது கூடுதல். குழந்தைப்பேறு விகிதம் இரண்டுக்குக் கீழே இறங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டதால், இந்த எண்ணிக்கை இனி ஏறிக்கொண்டேதான் போகும். 2017-18இல் நாடெங்கும் நடந்த முதியோர் ஆய்வு, 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர் தனியாக வாழ்கிறார்கள் என்றது. தமிழ்நாட்டில் அந்த விகிதம் தேசிய அளவைக் காட்டிலும் அதிகம். அதே ஆய்வின்படி இந்திய முதியோரில் நூற்றுக்கு 27 பேர் எடை குறைந்தவர்கள். இது பஞ்சத்துப் பசி அன்று; ஓசையில்லாமல் ஆளைத் தின்னும் பசி. வயது ஏற ஏற நாவும் மூக்கும் மங்குகின்றன, பசியுணர்வு தணிகிறது, பல் போனதால் மெல்ல முடிவதில்லை. ஒருவருக்காக உலை வைக்க மனம் வருவதில்லை. காலையில் வடித்த சோற்றில் நீரூற்றி இரண்டு நாள் ஓட்டுவதும், டீயும் பன்னுமாக ஒரு வேளையைக் கழிப்பதும் அப்படித்தான் வழக்கமாகின்றன. பருப்பும் முட்டையும் கீரையும் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக மறைய, தசை கரைகிறது. தசை கரைந்தவர் விழுகிறார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. மருத்துவமனைச் சீட்டில் எலும்புமுறிவு என்றுதான் எழுதுவார்கள். அதற்கு முன்னால் பல மாதங்கள் அவர் பருப்பில்லாத சோறு தின்றதை யாரும் எழுதுவதில்லை.

இந்த முதியவரைத் தமிழக அரசு பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. சத்துணவுத் திட்டம் தொடங்கிய மறு ஆண்டே, 1983இல், முதியோர் ஓய்வூதியம் பெறுவோரும் சத்துணவு மையத்தில் மதிய உணவு உண்ணலாம் என்று அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட்டில் தாயுமானவர் திட்டம் 70 வயது கடந்தவர்களின் வீட்டு வாசலுக்கு ரேஷன் பொருள்களைக் கொண்டுவந்தது. ஆக, மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது, அரிசியும் வந்துவிட்டது. வராமல் நிற்பது சமைத்த சோறு ஒன்றுதான். இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சர்க்கரை நோய்க்கு மருந்து எழுதும் எந்த மருத்துவரும் சொல்வார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு வேளைக்குச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். தனியாக இருக்கும் முதியவரை அந்த மயக்கத்திலிருந்து எழுப்ப வீட்டில் யாருமில்லை. வாசலில் இறங்கிய அரிசியோ, அடுப்பெதிரே பத்து நிமிடம் நிற்க முடியாதவருக்குச் சோறாகிவிடாது.

என் வாதம் எளியது. சமைத்த உணவை முதியவரின் வீட்டுக்குக் கொண்டுபோவது நம் பொதுவாழ்வின் இயல்பான கடமைகளில் ஒன்றாகவேண்டும். அதில் அடுப்பின் பொறுப்பை அரசு ஏற்கவேண்டும். கொண்டுபோகும் வேலையை ஊர்க்காரர்கள் கூலியில்லாமல், முறை வைத்துச் செய்யவேண்டும். இந்தப் பிரிவினை முக்கியமானது. இரண்டையும் தன்னார்வலர் தலையில் கட்டினால் சில ஆண்டுகளில் அவர்கள் களைத்துப்போவார்கள். இரண்டையும் அரசு ஊழியரிடம் விட்டால் சோறு போய்ச் சேரும், ஆனால் அந்தச் சோற்றோடு போகவேண்டிய வேறொன்று போகாது. இந்த வேலையை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் நாடுகளின் அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

பிரிட்டனில் இதைப் போர் தொடங்கிவைத்தது. லேடி ரீடிங் 1938இல் நிறுவிய மகளிர் தன்னார்வச் சேவை அமைப்பினர், குண்டுவீச்சில் வீடும் சமையலறையும் இழந்தவர்களுக்குச் சோறிட்டுவந்தார்கள். அவர்களில் எழுந்து வர முடியாத முதியவர்கள் இருப்பதைக் கண்டு, 1943இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உணவை வீட்டுக்கே எடுத்துப்போகத் தொடங்கினார்கள். பழைய குழந்தை வண்டிகளில் வைக்கோல் அடைத்துச் சூடு ஆறாமல் தள்ளிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம், இத்தகைய தன்னார்வ அமைப்புகளுக்குப் பணம் கொடுக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது; உள்ளாட்சிகள் தாமே நேரடியாக உணவு வழங்கலாம் என்பது 1962இன் திருத்தத்தில்தான் வந்தது. நடந்த வரிசையைக் கவனிக்கவேண்டும். முதலில் ஊர்ப் பெண்கள் போனார்கள், பின்னால் அரசின் பணம் போனது, அதற்கும் பின்னால்தான் உள்ளாட்சிகளே நேரடியாகப் போகச் சட்டம் இடம் தந்தது. எனினும் அந்தச் சட்டம் 'வழங்கலாம்' என்று சொன்னதே தவிர 'வழங்கவேண்டும்' என்று சொல்லவில்லை. 2010க்குப் பிந்தைய சிக்கன நடவடிக்கையில் உள்ளாட்சிகளின் நிதி வெட்டப்பட்டபோது முதலில் கைவிடப்பட்டவற்றுள் இந்தச் சேவையும் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இதை நிறுத்திவிட்டன. கட்டாயமில்லாத நன்மை பணமுடை வந்ததும் முதலில் வெட்டப்படும் என்பது பிரிட்டனிடமிருந்து நாம் படிக்கவேண்டிய பாடம்.

1954இல் வேறு இரண்டு கண்டங்களிலும் இதே முயற்சி நடந்தது. அந்த ஜனவரியில் பிலடெல்ஃபியாவின் கென்சிங்டன் பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உணவைப் பொட்டலமிட்டு வீடுகளுக்கு எடுத்துப்போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று ஆஸ்திரேலியாவின் போர்ட் அடிலெய்டில் டோரிஸ் டெய்லர் தம் முதல் சமையலறையைத் திறந்தார். சிறு வயதில் விழுந்த அடியால் நடை இழந்து, வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருந்தவர் அவர். மாற்றுத்திறனாளியானதால் தம்மை ஏதாவதோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற அச்சத்தை அறிந்தவர். அதனால்தான் முதியவர் தம் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பதை அமைப்பின் அடிப்படையாக வைத்தார். உணவுக்கு ஒரு சிறு விலையும் வைத்தார். கொண்டுவந்து கொடுத்தவர்கள் கூலி வாங்கவில்லை, வாங்கிக்கொண்டவர்களும் இலவசமாக வாங்கவில்லை. தயவை அல்ல, ஒரு சேவையைப் பெறுகிறோம் என்ற நிமிர்வு இதனால் அந்த முதியவர்களிடம் இருந்தது. இந்தத் துறையில் நல்லெண்ணம் கொண்டவர்கள் பலருண்டு. பெற்றுக்கொள்பவரின் இடத்திலிருந்து சிந்தித்து ஓர் அமைப்பைக் கட்டியவர் என்பதால் டெய்லரை நான் அவர்களுக்கெல்லாம் மேலே வைப்பேன்.

அமெரிக்கா பின்னால் வந்தாலும் சட்டத்தைத் தெளிவாக எழுதியது. 1965இல் இயற்றப்பட்ட முதியோர் சட்டத்தில், 1972இன் திருத்தம் முதியோர் உணவுக்கென நிதி ஒதுக்கியது. 1978இல் வீட்டுக்குக் கொண்டுபோகும் உணவுக்குத் தனிப் பிரிவு வந்தது. ஒவ்வொரு வேளை உணவும் ஒரு நாளைக்கு வேண்டிய சத்தில் மூன்றில் ஒரு பங்காவது தரவேண்டும் என்று சட்டம் விதித்தது. வருமானச் சான்று கேட்கக் கூடாது என்றும் சொன்னது. விரும்பியவர் முடிந்ததைக் கொடுக்கலாம். கொடுக்காதவருக்கு உணவை மறுக்கக் கூடாது. வருமானச் சான்றைத் தவிர்த்தது வெறும் தாராளம் அல்ல. முதியவரின் பசிக்குக் காரணம் எப்போதும் வறுமையே அல்ல என்ற புரிதல் அதில் இருக்கிறது. கையில் பணமிருந்தும் கடைக்குப் போக முடியாதவர், மனைவி இறந்தபின் அடுப்பு மூட்டத் தெரியாதவர், மறதி நோயால் சாப்பிட்டோமா இல்லையா என்றே நினைவில்லாதவர் எல்லாருமே பசித்தவர்கள்தாம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சான்றுகள் உண்டு. பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 173 முதியோர் இல்லங்களைப் பார்வையிட்டு 1962இல் எழுதிய நூலில், அங்கே அடைபட்டிருப்பவர்களில் கணிசமானோர் தக்க உதவி கிடைத்திருந்தால் தம் வீட்டிலேயே வாழ்ந்திருக்கக் கூடியவர்கள் என்று காட்டினார். அரை நூற்றாண்டுக்குப் பின், 2013இல், பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலி தாமஸும் வின்சென்ட் மோரும் அதே உண்மைக்கு எண்களின் வழியாக வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்கு உணவு கொண்டுபோகும் சேவைக்கு அதிகம் செலவிட்ட அமெரிக்க மாநிலங்களில், பெரிய கவனிப்பு எதுவும் தேவைப்படாமலே பராமரிப்பு இல்லங்களில் கிடக்கும் முதியோரின் விகிதம் குறைவாக இருந்தது. இந்த உணவைப் பெறும் முதியோரின் அளவை எல்லா மாநிலங்களும் ஒரு சதவீதம் கூட்டினாலே, அரசு மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் மிச்சப்படும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எல்லா மாநிலத்துக்கும் மிச்சம் வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. 26 மாநிலங்களுக்கு லாபம், மற்றவற்றில் செலவே கூடும். அதை மறைக்கவேண்டியதில்லை. மிச்சப்படாத இடத்திலும் ஒரு முதியவர் தம் கட்டிலில் தூங்குகிறார் என்றால் அந்தச் செலவு செய்யத்தக்கதே என்பது என் கருத்து.

என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமான ஆய்வொன்று உண்டு. 2015இல் வெளியான அதில், அமெரிக்காவின் எட்டு ஊர்களில் சேவைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த 626 முதியவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நாள்தோறும் ஒருவர் சூடான உணவைக் கொண்டுபோனார். இன்னொரு பிரிவுக்கு வாரத்துக்கு ஒருமுறை உறையவைத்த உணவுப் பெட்டி போனது. மூன்றாம் பிரிவினர் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். பதினைந்து வாரங்களுக்குப் பிறகு பார்த்தபோது, உணவு பெற்றவர்களின் தனிமையுணர்வு காத்திருந்தவர்களைவிடக் குறைந்திருந்தது. நாள்தோறும் ஆள் வந்த வீடுகளில் இருந்தவர்கள், இந்தச் சேவையால் தங்கள் தனிமை குறைந்தது என்று பெட்டி பெற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். பதினைந்து வாரம் குறுகிய காலம். ஆய்வில் அந்தச் சேவையை நடத்தும் அமைப்புக்கும் பங்கு உண்டு. ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பெரிய முடிவு எதற்கும் வந்துவிடக் கூடாது. ஆனாலும் முடிவு போகும் திசை, முதியவரோடு பழகிய எவருக்கும் வியப்பளிக்காது. கதவைத் தட்டியவர் உள்ளிருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். நேற்றைய டப்பா திறக்கப்படாமல் இருப்பதைப் பார்க்கிறார். கால் வீங்கியிருப்பதை, பேச்சு குழறுவதை, வீட்டில் மின்விசிறி ஓடாததைப் பார்க்கிறார். மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை கொண்டுவருபவருக்கும் ரேஷன் கொண்டுவருபவருக்கும் தெரிய வராத மாற்றம், நாள்தோறும் வருபவர் கண்ணில் தப்பாது.

இனி மறுப்புகள். முதலாவது, எனக்கு மிகவும் மதிப்புக்குரியது: தன்னார்வம் என்ற பெயரில் அரசு தன் கடமையை ஊர்மேல் தள்ளிவிடும் என்பது. இந்த அச்சத்துக்கு இங்கேயே ஆதாரம் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண்கள் செய்வது முழு வேலை. அவர்களுக்குப் பெயர் தன்னார்வலர்கள், கொடுக்கப்பட்டதோ மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலைதோறும் பாடம் நடத்தியவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நாள்தோறும் நேரம் குறித்துச் செய்யவேண்டிய வேலையை, வேறு வேலை கிடைக்காத ஏழைப் பெண்ணிடம் குறைந்த காசுக்கு வாங்கிக்கொண்டு அதைத் தன்னார்வம் என்று அழைப்பது சுரண்டல்தான். நான் சொல்வது அதுவன்று. சமையலரும், கணக்கு வைப்பவரும், யார் வீட்டுக்கு யார் போவது என்று ஒழுங்கு செய்பவரும் முறையான சம்பளம் வாங்கும் ஊழியர்களாக இருக்கவேண்டும். தன்னார்வலர் என்பவர் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், தம் தெருவை ஒட்டிய சில வீடுகளுக்குப் போகிறவர். வேண்டாமென்று தோன்றினால் விலகிக்கொள்ளும் உரிமை உள்ளவர். அதற்குமேல் ஒருவரிடம் கேட்டால், கூலி கொடுத்தே கேட்கவேண்டும்.

அப்படியானால் கொண்டுபோகும் வேலைக்கும் சம்பளம் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். போதுமான ஆள் கிடைக்காத இடத்தில் கொடுக்கத்தான் வேண்டும். சோறு போகாமலிருப்பதைவிட அது மேல். ஆனால் இயன்ற இடத்தில் ஊராரே போவதற்கு வலுவான காரணம் உண்டு. இருபது வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் போகவேண்டிய ஊழியரால் எந்த வாசலிலும் நிற்க முடியாது. தெருவுக்கு ஐந்து பேர் முறைவைத்துப் போனால் ஒவ்வொருவருக்கும் சில வீடுகளே வரும், பேச நேரமும் இருக்கும். அதைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு. தெருவில் யார் பசித்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. ஒரு ஊழியருக்கு மட்டும் தெரிந்தது பதிவேட்டோடு நின்றுவிடும்; ஐந்து குடும்பங்களுக்குத் தெரிந்தது கிராமசபைக் கூட்டம் வரைக்கும் போகும். உணவின் தரம் சரிந்தாலோ, பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டாலோ கேள்வி கேட்கும் ஆள்கள் ஊருக்குள் உருவாகிவிடுவார்கள். தன்னார்வம் அரசைத் தப்பவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சரியாக அமைத்தால், அரசைக் கேள்வி கேட்கும் கூட்டம் இதிலிருந்தே எழும்.

இரண்டாவது மறுப்பைத் திண்ணையிலும் கேட்கலாம், சட்டமன்றத்திலும் கேட்கலாம்: பெற்றவருக்குச் சோறிடுவது பிள்ளைகளின் கடமை, ஊர் சோறு போட்டால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள். கடமை என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பிள்ளை திருப்பூரிலும் பெங்களூரிலும் துபாயிலும் கூலிக்கு நிற்கும்போது, மாதம் பணம் அனுப்பலாம். பகல் ஒரு மணிக்குச் சோறு எடுத்து வைக்க முடியாது. பிள்ளையே அறுபதைக் கடந்து, தாய் எண்பதைக் கடந்த வீடுகள் இருக்கின்றன. பிள்ளையே இல்லாதவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சேவை வந்தால் குடும்பம் விலகும் என்பதற்கும் நல்ல சான்று இல்லை. அதே டவுன்சென்ட், லண்டன் பெத்னல் கிரீனில் 203 முதியவர்களிடம் பேசி 1957இல் எழுதிய நூல், நலத்திட்டங்கள் பெருகிய காலத்திலும் குடும்பங்கள் முதியவரைக் கைவிடவில்லை என்று காட்டியது. பகல் சோற்றுக்குக் கவலையில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை வரும் மகளால் கஞ்சி காய்ச்சிக்கொண்டே இருக்காமல் அம்மாவோடு உட்கார்ந்து பேச முடியும்.

பணமாகக் கொடுத்துவிடலாமே என்பது மூன்றாவது. தமிழ்நாட்டில் 2023இல் முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளுக்கு நாற்பது ரூபாய். அதற்குள் வெற்றிலையும் சோப்பும் பஸ் கட்டணமும் அடக்கம். ஒன்றிய அரசு தன் பங்காக எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரும் 200 ரூபாய் 2007 முதல் ஏறவே இல்லை. ஓய்வூதியம் உயரவேண்டும், உயர்த்தியே ஆகவேண்டும். ஆனால் அது இரண்டு மடங்கானாலும் கால் வராதவருக்குக் கடை பக்கத்தில் வந்துவிடாது. சென்னை போன்ற நகரங்களில் பணமுள்ள முதியவருக்கு மாதக் கணக்கில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் கேட்டரிங்காரர்கள் இருக்கிறார்கள், கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. வாடிக்கையாளர் நாற்பது பேர் சேரும் தெருவுக்குத்தான் அந்த வணிகம் வரும். விருத்தாசலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஒற்றை ஓட்டுவீட்டில் இருக்கும் கிழவிக்கு அது வராது.

நான்காவதாக ஒன்றுண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் எந்தத் திட்டத்தையும் ஊருக்குள் இறங்கியதும் முறித்துப்போட வல்லது. யார் சமைத்தது, யார் கொண்டுவருகிறார்கள் என்ற சாதிக் கேள்வி. 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியலினப் பெண் சமைத்தார் என்பதற்காகக் குழந்தைகளைக் காலை உணவு உண்ணவிடாமல் பெற்றோர் தடுத்தார்கள். முதியவர்களிடம் இந்த நஞ்சு குறைவாக இருக்கும் என்று எண்ண இடமில்லை, கூடுதலாகவே இருக்கும். இதற்கு விட்டுக்கொடுத்துத் தெருவுக்கொரு சமையல், சாதிக்கொரு ஆள் என்று அமைத்தால் அந்தத் திட்டமே வேண்டாம். ஒரே அடுப்பு, முறைவைத்து மாறும் ஆள்கள், சாதி பார்த்து மறுப்பவருக்கு மாற்று ஏற்பாடு இல்லை என்ற விதி முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும். பள்ளியில் சத்துணவு இதே எதிர்ப்பை நாற்பது ஆண்டாகச் சந்தித்து, முற்றாக வெல்லாவிட்டாலும், ஒரே வரிசையில் குழந்தைகளை உட்காரவைத்திருக்கிறது.

அடுத்த மாநிலமான கேரளமே இதைச் செய்து பார்த்திருக்கிறது. ஆலப்புழை மாவட்டம் மாராரிக்குளத்தில் 2017 வாக்கில், வலிதணிப்புச் சிகிச்சைத் தன்னார்வலர்களாக நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வந்தவர்கள், மருந்தோடு உணவும் வேண்டியிருப்பதைக் கண்டார்கள். ஒரு பொதுச் சமையலறை அமைத்துச் சில நூறு பேரின் வீடுகளுக்கு நாள்தோறும் உணவு கொண்டுபோனார்கள். இது திடீரென முளைத்ததன்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சேவை, 2001 முதல் மலப்புறத்தில் ஊர்மக்கள் தாமே பங்கேற்று நடத்தும் வலைப்பின்னலாக விரிந்தது. 2008இல் கேரள அரசு அதற்குக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் சம்பளத்துக்குச் செவிலியரை அமர்த்த, ஊர்த் தன்னார்வலர்கள் அவரோடு வீடுகளுக்குப் போனார்கள். சம்பளம் வாங்கும் செவிலியர், சம்பளம் வாங்காத அண்டைவீட்டார்: நான் முன்வைக்கும் பிரிவினை இதுவேதான். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் 2020 ஊரடங்கில் கேரளம் சில நாளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாயச் சமையலறைகளைத் திறந்து வீடுகளுக்கு உணவு அனுப்ப முடிந்தது.

தமிழ்நாட்டுக்கு இன்னும் எளிது. ஏறத்தாழ 43,000 சத்துணவு மையங்கள் நம்மிடம் இருக்கின்றன. அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் இருக்கிறார்கள், பாத்திரமும் அடுப்பும் இருக்கின்றன. இருநூறு குழந்தைகளுக்கு வேகும் சாம்பாரில் பத்துப் பதினைந்து முதியவருக்குச் சேர்த்து வைப்பது சமையலில் பெரிய மாற்றமில்லை. ஆனால் அதை அப்படியே டிபன் கேரியரில் ஊற்றி அனுப்பினால் போதாது. முதியவருக்குச் சோறு குழைய வேண்டும், உப்பு குறைய வேண்டும், முட்டையும் பயறும் மெல்லும்படி மசிய வேண்டும். சர்க்கரை உள்ளவருக்குச் சோற்றைக் குறைத்துக் கீரையையும் காயையும் கூட்டவேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஆளும் ஊதியமும் வேண்டும். இதைவிடப் பெரிய ஓட்டை நாள்காட்டியில் இருக்கிறது. பள்ளி அடுப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 220 நாள்தான் எரிகிறது. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடி ஜூனில் திறக்கும். அக்னி நட்சத்திரம் கொளுத்தும் அந்த வாரங்களில்தான் முதியவர் தண்ணீரும் உணவுமின்றிச் சுருண்டுபோவது அதிகம். அங்கன்வாடி அடுப்பையோ மகளிர் சுயஉதவிக் குழுக்களையோ அந்த நாள்களுக்குப் பொறுப்பாக்காமல் இதைத் தொடங்கினால், நெருக்கடியான மாதத்தில் கைவிடும் திட்டமாகவே இது முடியும்.

1983இன் அந்த ஏற்பாடு இன்னும் நீக்கப்படவில்லை. சத்துணவு மையத்துக்கு வந்து உண்ணும் ஓய்வூதியருக்கு மாதம் இரண்டு கிலோ அரிசி, வந்து உண்ணாதவருக்கு நான்கு கிலோ என்ற விதியும் தொடர்கிறது. வராதவர் ஏன் வரவில்லை என்று அந்த விதி கேட்பதில்லை. கூடுதலாக இரண்டு கிலோ அரிசியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறது. அதில் ஒரு திருத்தம் செய்தால் போதும்: வர இயலாதவருக்கு உணவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், 'கொடுக்கலாம்' என்று அல்ல, 'கொடுக்கவேண்டும்' என்றே எழுதவேண்டும். அதற்கான செலவை வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் வைக்கவேண்டும். அரசாணை வரும்வரை ஊர் காத்திருக்கவேண்டியதில்லை. வாசகர் தம் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார், அவர்களுள் யாரால் அடுப்பெதிரே நிற்க முடியவில்லை என்று ஒரு பட்டியல் எழுதி, வரும் கிராமசபைக் கூட்டத்தில், நகரமானால் வார்டு உறுப்பினரிடம், கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். கொண்டுபோக ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டால், அந்தப் பட்டியலின் கீழே தம் பெயரையும் தமக்கு வசதியான ஒரு நாளையும் எழுதிவைக்கவேண்டும்.